ஷட்டரும் காலமும்

பிரான்ஸ் தேசத்து மோட்டார் சங்கம் நடத்திய கிராண்ட் பிரீ பந்தயம் ஒன்றில், சாலையோரம் நின்றிருந்த ஓர் இளைஞர், தம்மைக் கடந்து பறந்த 6-ஆம் எண் காரைக் காமிராவைத் திருப்பியவாறே பின்தொடர்ந்து எடுத்த படம் ஒன்று, புகைப்படக் கலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் எவரும் விட்டுவிட முடியாத படமாக இன்று விளங்குகிறது. காரின் முன்பகுதி படத்தின் வலப்புற ஓரத்தில் வெட்டுண்டு போயிருக்கிறது. பின்சக்கரமோ வட்டவடிவை இழந்து, ஓடும் திசையிலேயே சாய்ந்த நீள்வட்டமாகக் காட்சியளிக்கிறது. அதே படத்தில், சாலையோரத்தில் நின்ற ஜனங்களும் கம்பங்களும், கார் ஓடும் திசைக்கு நேர் எதிராக, இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறார்கள். ஒரு சட்டத்துக்குள்ளே இரு வேறு சாய்வுகள். ஆயினும், பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் வேகம் என்ற ஒரே உணர்ச்சிதான் தோன்றுகிறது.

இதை எடுத்தவர் ழாக் ஆன்ரி லார்த்திக். பாரிஸை அடுத்த கூர்ப்வாவில் 1894-இல் செல்வக் குடும்பத்தில் பிறந்து, பால்ய வயதிலேயே தகப்பனார் அளித்த காமிராவைக் கொண்டு, பட்டம் முதல் ஆகாய விமானம் வரையில் பறப்பனவும் ஓடுவனவுமாகிய யாவற்றையும் பிடிக்க முயன்றவர் அவர். இந்தப் படத்தை மட்டும் தவறிப்போனதென்று கருதி நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தார். நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையில் ஜான் ஸார்க்கௌஸ்கி 1963-இல் ஏற்பாடு செய்த கண்காட்சியின் பிறகே அவருடைய பெயரை உலகம் அறிந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. படம் எடுத்த வருஷம் 1912 என்றே வெகுநாள் குறிக்கப்பட்டு வந்தது. காரின் அமைப்பையும் எண்ணையும் பந்தயக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிற்கால ஆய்வாளர்கள், 1913-இல் ஆமியேன் நகரத்தருகே நடந்த பந்தயமே அது என்று கூறுகிறார்கள். காலத்தைப் பற்றிய ஒரு படத்துக்குக் காலக் குறிப்பே சந்தேகத்துக்குரியதாயிற்று என்பது கவனிக்கத் தக்கது. ஆனால், சக்கரம் ஏன் சாய்ந்தது என்ற கேள்விக்கு அதனால் பாதகம் ஒன்றுமில்லை.

அக்காலத்து வேகக் காமிராக்களில், லென்ஸுக்குப் பின்னே, கண்ணாடித் தகட்டை ஒட்டினாற்போல, ஷட்டராக ஒரு துணித்திரை இருந்தது. அந்தத் திரையில் குறுக்காக ஒரு பிளவு. விசையை அழுத்தியதும் பிளவு தகட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரையில் ஓடும். பிளவு எந்த இடத்துக்கு நேரே வருகிறதோ அந்த இடத்தில் மட்டும் அந்த க்ஷணத்தில் ஒளி விழும். ஆகவே, தகட்டின் ஒவ்வொரு புள்ளியும் மிகமிகச் சொற்ப நேரமே ஒளி பெறுகிறது. ஆனால், முதல் விளிம்பு ஒளி பெற்ற நேரமும் கடைசி விளிம்பு ஒளி பெற்ற நேரமும் ஒன்றல்ல. இவ்விரண்டு காலங்களும், அதாவது ஒரு புள்ளிக்குக் கிடைத்த காலமும், தகடு முழுவதையும் பிளவு கடக்க எடுத்துக்கொண்ட காலமும், வெவ்வேறானவை என்ற ஒரே உண்மையை மனத்தில் பதித்துக்கொண்டால், பின்வரும் விசித்திரங்கள் யாவும் தாமே விளங்கிவிடும்.

முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிம் காமிராக்களைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். அவற்றில் படத்தின் அகலம் 36 மில்லிமீட்டர். அந்த அகலத்தைப் பிளவு 1/50 வினாடியில் கடக்கிறதென்று வைத்துக்கொண்டால், அதன் வேகம் வினாடிக்கு 1.8 மீட்டர். ஷட்டர் வளையத்தை 1/1000 வினாடிக்குத் திருப்பினால் பிளவின் வேகம் கூடுவதில்லை, பிளவுதான் 1.8 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறுகுகிறது. வளையம் கூறும் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு ஒவ்வொரு புள்ளியைப் பொறுத்தமட்டில் முற்றும் மெய்யே. படம் முழுவதற்கும் ஆன காலமோ அதைப்போல் இருபது மடங்கு. அந்த 1/50 வினாடிக்குள், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. கூர்மையாக, சற்றும் கலங்காமல், ஆனால் உருமாறிப் பதியும் படங்களின் ரகசியம் இதுதான். மெதுவான ஷட்டர் பொருளைக் கலக்கிக் காட்டும். அதைக் கண்டதும் நாம் எச்சரிக்கை அடைகிறோம். குறுகிய பிளவு பொருளைத் தெளிவாகக் காட்டிக்கொண்டே வடிவத்தை மாற்றிவிடுவதால், அந்தத் தெளிவையே வடிவத்துக்கும் சாட்சியாக எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

இனி லார்த்திக்கின் சக்கரத்துக்கு வருவோம். லென்ஸ் தகட்டின்மேல் விழச் செய்யும் பிம்பம் தலைகீழானது. தரை தகட்டின் மேற்பகுதியிலும் ஆகாயம் கீழ்ப்பகுதியிலும் விழும். பிளவு மேலிருந்து கீழே ஓடியதென்றால், சக்கரம் தரையைத் தொடும் இடம் முதலில் பதிவாகி, அச்சு பிறகும், சக்கரத்தின் உச்சி அதற்கும் பிறகும் பதிவாகும். சக்கரத்தின் உயரத்தை மட்டும் கடக்கப் பிளவுக்கு 1/100 வினாடி ஆயிற்றென்றும், காரின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்றும், சக்கரத்தின் விட்டம் 80 சென்டிமீட்டர் என்றும் கொண்டால், அடிப்பாகம் பதிந்ததற்கும் உச்சி பதிந்ததற்கும் நடுவே கார் 28 சென்டிமீட்டர் முன்னேறியிருக்கும். சக்கரம் ஏறக்குறைய 19 பாகை முன்னே சாயும். இவை யான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்களே. ஆயினும், படத்திலுள்ள சாய்வு அதிசயமான எந்தக் காரணத்தையும் வேண்டி நிற்பதன்று என்பதை இவை காட்டப் போதுமானவை.

அப்படியானால் ஜனங்கள் ஏன் எதிர்த்திசையில் சாய்ந்தார்கள்? அவர்கள் ஓடவில்லையே! இங்கேதான் அந்த இளைஞருடைய கை குறுக்கிடுகிறது. அவர் காரைத் தொடர்ந்து காமிராவை வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்; திரும்பும் காமிராவுக்கு, அசையாது நிற்கும் உலகம் முழுவதும் இடப்பக்கம் ஓடுகிறது. ஆகவே கால்கள் முதலிலும் தலைகள் பிறகும் பதிந்தபோது, தலைகள் இடப்பக்கம் தள்ளிப்போயின. காமிராவின் திருப்பம் காரின் வேகத்துக்குச் சரிநிகராக இருந்திருந்தால், கார் சட்டத்துக்குள் ஒரே இடத்தில் நின்றிருக்கும். சக்கரம் வட்டமாகவே பதிந்து, ஜனங்கள் மட்டும் சாய்ந்திருப்பார்கள். காமிரா அசையாதிருந்தால், ஜனங்கள் நேராக நின்று, சக்கரம் மட்டும் இன்னும் அதிகமாகச் சாய்ந்திருக்கும். கை காரைத் தொடர்ந்தது, ஆனால் எட்டவில்லை. அந்தக் குறையின் அளவுக்குச் சக்கரம் முன்னே சாய்ந்தது. தொடர்ந்ததன் அளவுக்கு ஜனங்கள் பின்னே சாய்ந்தார்கள். காரின் வேகமும் எடுத்தவர் கையின் வேகமும் ஆகிய இரண்டும் தனித்தனியே அளந்தெடுக்கத்தக்க முறையில் ஒரே தகட்டில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதால், இதைத் தவறிப்போன படமென்று சொல்ல எனக்கு மனம் இசையவில்லை. அதைவிட நிறைவான சாட்சியம் அளித்த புகைப்படங்கள் சிலவே.

இந்த க்ஷேத்திர கணிதம் புகைப்படம் பிறப்பதற்கு முன்னமே ஒருவரால் ஆராயப்பட்டது என்பது பலருக்கு வியப்பளிக்கும். லண்டனில் வைத்தியராக இருந்தவரும், பின்னாளில், 1852-இல், ஆங்கிலச் சொற்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டுப் பெரும்புகழ் எய்தியவருமான பீட்டர் மார்க் ரோஜே, செங்குத்தான கம்பிகளால் ஆன வேலியின் இடுக்குகள் வழியே, உருண்டோடும் வண்டிச் சக்கரம் ஒன்றைப் பார்க்கும்போது, அதன் ஆரக்கால்கள் வளைந்து தோன்றுவதைக் குறித்து, 1824 டிசம்பரில் ராயல் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். நேர்மேலும் நேர்கீழும் நிற்கும் ஆரக்கால்கள் வளைவதில்லை. மற்றவை, இரு பக்கத்திலும், கீழ்நோக்கிப் புடைத்த வளைகோடுகளாகத் தோன்றுகின்றன. இடுக்கின் வழியே ஒரு சமயத்தில் ஆரக்காலின் ஒரு சிறு பகுதியே தென்படுகிறது. அடுத்த பகுதி தென்படுவதற்குள் சக்கரம் சற்றுச் சுழன்றுவிடுகிறது. கண்ணோ, முன்னே கண்டதை உடனே இழந்துவிடாமல், எல்லாப் பகுதிகளையும் ஒரே உருவாகச் சேர்த்துவிடுகிறது. கண்ணின் ஸ்தானத்தில் கண்ணாடித் தகட்டையும், வேலி இடுக்கின் ஸ்தானத்தில் துணித்திரையின் பிளவையும் வைத்தால், ரோஜேயின் கட்டுரை அப்படியே லார்த்திக்கின் படத்துக்கு உரையாகிவிடும்.

துணித்திரை ஷட்டரைச் செம்மைப்படுத்திப் பரவச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஆட்டோமார் ஆன்ஷுட்ஸ் என்ற ஜெர்மானியர். 1884-இல் அவர் எடுத்த செங்கால் நாரைகளின் படங்கள், பறவையின் சிறகசைப்பை அதுவரை எவரும் காணாத நுட்பத்தோடு காட்டின. 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்காவில் திரை பக்கவாட்டில் ஓடியது. 1932-இல் வந்த காண்டாக்ஸில் உலோகத் திரை மேலிருந்து கீழே ஓடியது. இந்த வித்தியாசம் யந்திர நிபுணர்களுக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடலாகாது. திரை மேலிருந்து கீழே ஓடினால், குறுக்கே ஓடும் கார் சாய்கிறது. திரை பக்கவாட்டில் ஓடினாலோ, கார் சாய்வதில்லை. நீளுகிறது அல்லது குறுகுகிறது. பிம்பமும் பிளவும் ஒரே திசையில் ஓடி, பிம்பத்தின் வேகம் பிளவின் வேகத்தில் நாலில் ஒரு பங்காக இருந்தால், காரின் நீளம் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகப் பதியும். எதிரெதிர்த் திசையில் ஓடினால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து பதியும். ஒரே கார், ஒரே காமிரா, ஒரே வேகம். கிழக்கே போகையில் நீண்ட வண்டி, மேற்கே போகையில் குறுகிய வண்டி.

இந்தத் திரிபிலிருந்து தப்ப வழிகள் இருந்தன. லென்ஸுக்குள்ளேயே மெல்லிய இதழ்களாக விரிந்து மூடும் ஷட்டர், படம் முழுவதையும் ஒரே சமயத்தில் ஒளிக்குத் திறப்பதால், வடிவத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் இதழ்கள் விரிந்து, நின்று, திரும்ப மூட வேண்டியிருப்பதால் அதன் வேகம் பெரும்பாலும் 1/500 வினாடியோடு நின்றுவிட்டது. அமெரிக்காவில் மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்ட் எட்ஜர்டன் கண்ட மார்க்கம் வேறு. இருட்டறையில் காமிராவைத் திறந்தே வைத்து, மின்பொறியின் ஒளியை மட்டும் ஒரு மைக்ரோ வினாடி அளவுக்குப் பாய்ச்சினார் அவர், ஒளியே ஷட்டராகிவிட்டது. வினாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் செல்லும் துப்பாக்கிக் குண்டும் அந்த நேரத்துக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. ஆப்பிள் பழத்தைத் துளைத்துச் செல்லும் குண்டின் படம் அத்தனை சுத்தமாக அமைந்ததன் காரணம் இதுவே. ஆனால் பந்தயச் சாலையையோ ஆகாயத்தையோ இருட்டறைக்குள் கொண்டுவர இயலாது.

திரை ஷட்டர்களின் வேகம் நாளடைவில் பெருகி, 1980-களில் படத்தைக் கடக்கும் காலம் 1/250 வினாடிக்கும் கீழே இறங்கியபோது, இந்தத் திரிபு சரித்திரத்தோடு மறைந்துவிடும் என்று எவரும் எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது நேர்மாறானது. துணியும் உலோகமும் ஓடிய இடத்தில், இப்போது மின்சாரமே ஓடுகிறது. கைபேசியிலும் இன்றைய பெரும்பாலான காமிராக்களிலும் பிலிமுக்குப் பதிலாக உள்ள ஒளியுணரிச் சில்லு, கோடிக்கணக்கான நுண்புள்ளிகளை வரிசை வரிசையாகக் கொண்டது. ஒரு வரிசையை வாசித்து முடித்த பிறகே அடுத்த வரிசையை வாசிக்கும். ஓலைச்சுவடியை வரிவரியாகப் படித்து முடிப்பதற்குள் சுவடியிலுள்ள எழுத்துக்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தால் என்ன பாடம் கிடைக்குமோ, அதுவே இங்கே கிடைக்கிறது. 1080 வரிசைகள் கொண்ட ஒரு படத்தை 1/30 வினாடியில் வாசித்தால், ஒவ்வொரு வரிசைக்கும் சுமார் 31 மைக்ரோ வினாடி ஆகும். அதிவேகம்தான், ஆயினும், முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் உள்ள இடைவெளி, முன்னே கணக்கிட்ட பிலிம் காமிராவின் பிளவு எடுத்துக்கொண்டதைவிட அதிகம். நூறு வருஷங்களுக்கு முன் பந்தயச் சாலையில் மட்டும் காணப்பட்ட விகாரத்தை இன்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

சிறு விமானத்தின் ஜன்னலோரத்தில் அமர்ந்து, சுழலும் விசிறியைக் கைபேசியால் படமெடுத்தவர்கள், அலகுகள் அச்சிலிருந்து அறுந்து, அரிவாள்களைப் போல வளைந்து, ஆகாயத்தில் மிதப்பதைக் கண்டு திகைத்திருப்பார்கள். நிமிஷத்துக்கு 2400 சுற்றுச் சுழலும் விசிறி, 1/30 வினாடிக்குள் ஒன்றேகால் சுற்றுக்கும் சற்று அதிகமாகவே சுழன்றுவிடுகிறது. வாசிப்பு மேலிருந்து கீழே வருகிறது. விசிறியின் ஒரு பக்கத்தில் அலகுகளும் கீழ்நோக்கி வருகின்றன, மறுபக்கத்தில் மேல்நோக்கிச் செல்கின்றன. கூடவே ஓடிவரும் அலகை வாசிப்பு மெல்லவே கடந்து செல்லுவதால் அது நீண்டு தடித்துப் பதிகிறது. எதிரே வரும் அலகுகளை அடுத்தடுத்துச் சந்திப்பதால் அந்தப் பக்கத்தில் உள்ளதைவிட அதிக எண்ணிக்கையில், மெலிந்த அலகுகள் பதிகின்றன. இரண்டே அலகுள்ள விசிறிக்கு நாலைந்து அலகுகள் இருப்பதாகப் படம் காட்டுவது இவ்வாறே. அந்தப் படத்திலுள்ள ஒவ்வொரு வரிசையும், தன்னளவில், உண்மையையே சொல்லுகிறது. வரிசைகளை ஒரே காலத்தவை என்று நாம் சேர்த்துக்கொள்ளுவதில்தான் பிழை புகுகிறது.

வீட்டு விளக்கின் கீழ் எடுத்த படங்களில் குறுக்கே கறுத்த பட்டைகள் விழுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலையுறுவதால், மலிவான எல்.இ.டி. விளக்குகள் பல வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. 1/30 வினாடியில் வாசிக்கப்படும் படத்தில் மூன்று பட்டைகள் விழுந்துவிடும். மின்னல் பாதிப் படத்தை மட்டும் வெளிச்சமாக்கிவிட்டு மறைவதும் அப்படியே.

இதனைக் குறையென்று மட்டும் கருதாமல், அறிந்தே பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. 1930-களில் அமெரிக்கக் குதிரைப் பந்தய மைதானங்களில் பரவிய முடிவுக்கோட்டுக் காமிராவில், பிளவு ஓடுவதே இல்லை. அது வெற்றிக்கோட்டையே பார்த்தபடி நிற்க, அதன் பின்னே பிலிம் ஓடுகிறது. அதில் இடமிருந்து வலமாக விரிந்து கிடப்பது மைதானம் அன்று, காலமே. கோட்டின்மேல் யாருடைய காலாவது ஊன்றி நின்றுவிட்டால், அந்தப் பாதம் விபரீதமாக நீண்டுவிடும். அதைப்பற்றி நடுவர் கவலைப்படுவதில்லை, ஏனெனில் அவருக்கு வேண்டியது உருவமன்று, வரிசைக்கிரமம். 1948-ஆம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக்கில், 100 மீட்டர் ஓட்டத்தின் முடிவில், தாமே வென்றதாக எண்ணிக் குதித்துக் கூத்தாடினார் பார்னி யூவெல். ஹாரிசன் டில்லார்டுக்கே வெற்றி என்று படம் கூறிவிட்டது. வடிவத்தை முற்றும் கைவிட்ட ஒரு படம் காலத்தைப் பற்றி அத்தனை நியாயமான தீர்ப்பை வழங்கியது.

இதினும் வியப்பானது 2014-இல் மாஸசூசெட்ஸ் கழகத்தின் ஆய்வாளர்கள் செய்துகாட்டியது. ஓர் அறையில் எழும் ஒலி, அங்குள்ள வறுவல் பொட்டலத்தின் உறையைக் கண்ணுக்குப் புலனாகாத அளவில் அதிரச் செய்கிறது. அந்த உறையை மட்டும் வீடியோ எடுத்து, அதிர்விலிருந்து ஒலியை அவர்கள் மீட்டார்கள். வினாடிக்கு 60 படங்கள் மட்டுமே எடுக்கும் சாமானியக் காமிராவாலும் இது ஓரளவுக்குக் கைகூடியது. ஏனெனில், வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படுவதால், ஒவ்வொரு படத்துக்குள்ளும் நூற்றுக்கணக்கான தனித்தனிக் காலக் குறிப்புகள் ஒளிந்திருக்கின்றன. எது விகாரமென்று தள்ளப்பட்டதோ, அதுவே தகவலாயிற்று.

சிற்பி ரோதேன், 1911-இல் பால் க்ஸெல் என்பவர் தொகுத்து வெளியிட்ட சம்பாஷணைகளில், ஓடும் குதிரைகளை ஜெரிக்கோ தீட்டிய ஓவியத்தை ஆதரித்துப் பேசுகையில், மெய்யில் காலம் நின்றுவிடுவதில்லையாதலால், அதை நிறுத்திக் காட்டும் புகைப்படமே பொய்யானது, ஓவியனே மெய்யன் என்ற கருத்தை வெளியிட்டார். குதிரையின் முன்னங்கால்களை ஒரு க்ஷணத்திலும் பின்னங்கால்களை வேறொரு க்ஷணத்திலும் ஓவியன் காட்டுவதால்தான் பார்ப்பவனுக்கு ஓட்டம் தெரிகிறது என்பது அவர் வாதம். இரண்டொரு வருஷத்துக்குள், லார்த்திக்கின் தகட்டில், சக்கரத்தின் அடி ஒரு க்ஷணத்திலும் உச்சி வேறொரு க்ஷணத்திலும் பதிந்தது. ரோதேன் ஓவியனுக்கு மட்டும் உரியதென்று கூறிய அதே உபாயத்தைத் துணித்திரையின் பிளவு தானாகவே செய்து முடித்தது. ஆகையால், புகைப்படம் காலத்தை நிறுத்துகிறது என்ற பொதுவான அபிப்பிராயம், அதைப் பழிப்பவர் சொன்னாலும் புகழ்பவர் சொன்னாலும், திருத்தம் பெறவேண்டியதே. பிளவாலோ வரிசை வாசிப்பாலோ உண்டாகும் ஒவ்வொரு படமும், இடத்தின்மேல் காலம் படர்ந்த ஒரு சித்திரம். அதை வாசிக்க, திரை எத்திசையில், எவ்வளவு நேரத்தில் ஓடியது என்று அறிந்திருக்க வேண்டும்.

எல்லா நுண்புள்ளிகளையும் ஒரே க்ஷணத்தில் திறந்து மூடும் சில்லுகள் தொழிற்சாலைகளில் வெகுகாலமாக உபயோகத்தில் உள்ளன. சாமானியர் வாங்கத்தக்க முழுச்சட்டக் காமிராவில் அதை முதலில் கொண்டுவந்தது சோனி நிறுவனம். 2023 நவம்பரில் ஆல்பா 9 காமிராவின் மூன்றாம் பதிப்பில் அது அறிமுகமாயிற்று. ஒவ்வொரு புள்ளியும் தன் ஒளிக்கணக்கை முறை வரும்வரையில் சேமித்து வைக்கத் தனியிடம் வேண்டியிருப்பதால், விலையிலும், ஒளி குன்றிய இடத்துப் படத்தின் தரத்திலும், அதற்கு ஓரளவு ஈடு கொடுக்கவேண்டியிருக்கிறது. கைபேசிகளுக்கு அது பரவும் வரையில், நம்மைச் சுற்றி எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலானவை வரிசை வாசிப்பின் படங்களே.

இந்த விஷயத்தில் எனக்குள்ள அக்கறை கலையைப் பற்றியது மட்டுமன்று. சாலை விபத்துக்களும் கலவரங்களும் இன்று கைபேசியாலும் வண்டியில் பொருத்திய காமிராவாலும் பதிவாகி, போலீஸ் விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் சாட்சியமாகப் போகின்றன. சாய்ந்து பதிந்த லாரி உண்மையில் சாய்ந்திருந்ததா, நீண்டு பதிந்த வண்டியின் நீளத்தைக் கொண்டு தூரத்தை அளக்கலாமா, எரிந்த விளக்கு அணைந்ததாகத் தோன்றுவது ஏன் என்ற கேள்விகளுக்கு, ஷட்டரின் இயல்பை அறியாமல் விடை கூறினால், நிரபராதி ஒருவன் தண்டனை அடையக்கூடும். அதே திரிபை முறையாக அளந்தால், வண்டியின் வேகத்தையே அதிலிருந்து கணித்துவிடவும் கூடும். ஆகவே, இத்தகைய படங்களைக் கையாளும் அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் பத்திரிகைக்காரர்களும், படத்தைப் பற்றித் தீர்மானிக்கும் முன்னர், எந்தக் கருவி எடுத்தது, அதன் வாசிப்பு எத்திசையில், எவ்வளவு காலத்தில் நிகழ்வது என்பதை விசாரித்தறிய வேண்டும். அப்படி விசாரிக்க இடம் இருக்கும்படி, எடுத்தவர்கள் ஒவ்வொருவரும், வெட்டாத, திருத்தாத மூலப் பதிவையும் எடுத்த கருவியையும் வழக்கு முடியும்வரையில் பத்திரமாகக் காத்து வைக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.